பணிவிடை செய்யும் மேலாளர்: எதில் தொடங்கி எந்த வரிசையில் போவது

சூப்பர்வைசர், இன்சார்ஜ், மேனேஜர் என்று பதவி வந்ததும் "ஆண்டவர் காட்டின மாதிரி நடக்கணும்" என்று ஆசையோடு தொடங்குகிற நம்ம பிள்ளைகளை நிறையப் பார்த்தாச்சு. மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஒன்று, எல்லாருடைய வேலையையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியாக உட்கார்ந்திருப்பார். இல்லையென்றால் "இவங்களுக்கு அன்பெல்லாம் ஒத்துவராது" என்று, முன்னால் இருந்தவரைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருப்பார். ஆசையில் குறையில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் வைப்பது என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் ஒரு மாடியைப் பார்த்துக்கொள்கிறவர், கங்கைகொண்டான் சிப்காட்டில் ஷிப்ட் இன்சார்ஜ், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர், ஐந்து பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிற அண்ணாச்சி, இவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். வசனம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். யாக்கோபும் யோவானும் வலப்பக்கம் ஒரு நாற்காலி, இடப்பக்கம் ஒரு நாற்காலி என்று கேட்டபோது, பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக இருக்கட்டும் என்று இயேசு சொன்னது, மாற்கு 10. அதை ஆபீசில் அளப்பதற்கு நான் ஒரே ஒரு அளவுகோல்தான் வைத்திருக்கிறேன்: உங்களுக்குக் கீழே இருப்பவர் உங்களிடமிருந்து ஒன்றைப் பெற எத்தனை நாள் காத்திருக்கிறார்? கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு. போனில் குறித்துக்கொள்ளலாமே என்பார்கள். ஒருவர் பேசும்போது போனைத் தட்டினால் வாட்ஸ்அப் பார்க்கிறீர்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

உங்கள் அதிகாரத்தின் எல்லை. எத்தனை நாள் லீவு நீங்களே கொடுக்கலாம், யாரையும் கேட்காமல் எவ்வளவு ரூபாய் வரை செலவு செய்யலாம், ஷிப்ட் மாற்றலாமா கூடாதா என்று முதலாளியிடமோ மேலதிகாரியிடமோ முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் இருந்தால் நல்லது, தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள் இளகின மனதில் வாக்குக் கொடுத்துவிட்டு, மேலே அனுமதி கிடைக்காமல், கடைசியில் பொய்க்காரர் பட்டம் வாங்குகிறார்கள்.

உங்கள் இடத்தில் வேலை பார்க்காத ஒரு ஆள். உங்களிடம் "நீ செஞ்சது தப்பு" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். சேகரத்து ஐயரை, அதாவது சபைப் போதகரை, கேட்கலாமா என்றால், கேட்கலாம், ஆனால் அவருக்குச் சபைப் பஞ்சாயத்தே போதும் போதும் என்றிருக்கும். ஷிப்ட் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் இன்னும் மேல்.

அப்புறம் ஜெபம். பொதுவாக "என் ஆபீசை ஆசீர்வதியும்" என்று போகாமல் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லுங்கள். நாலாவது பெயரிலேயே திணறுவீர்கள், ஏனென்றால் அவர் வீட்டில் எத்தனை பேர், எந்த ஊர் பஸ்ஸில் வருகிறார் என்பதே தெரியாது. அது தெரிய வருவதுதான் முதல் பலன். இப்படி ஜெபிக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

1. காத்திருப்புப் பட்டியல் போடுங்கள்

முதல் இரண்டு வாரம் புது விதி எதுவும் கொண்டுவராதீர்கள். மீட்டிங் போட்டுத் தலைமைப் பண்பு பற்றிப் பேசாதீர்கள். நோட்டில் நாலு கட்டம் கிழித்து, யார், என்ன கேட்டார், என்றைக்குக் கேட்டார், இப்போது எங்கே நிற்கிறது என்று மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள்.

பழைய பாக்கியும் இதில் வர வேண்டும். முன்னால் இருந்தவரிடம் கேட்டுக் கிடைக்காமல் விட்டவை நிறைய இருக்கும், அதை மறுபடி கேட்க மாட்டார்கள். "இதுக்கு முன்னாடி கேட்டு நடக்காமப் போனது ஏதாவது இருக்கா?" என்று நீங்களே கேட்டால்தான் வெளியே வரும்.

ஒரு உதாரணம். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து பேக்கிங்கில் வேலை பார்க்கிற தம்பி, ஊர்க்கொடைக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறான். வரி பிரிக்கும்போதே தேதி தெரிந்துவிட்டதால் ஒரு மாதம் முன்னாலேயே கொடுத்துவிட்டான். அந்தத் தாள் மேனேஜர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது. மேனேஜருக்கு அது ஒரு தாள். அவனுக்கோ, வெளியூரில் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு என்ன பதில் சொல்ல, கிடாய்க்குப் பங்கு சேருவதா வேண்டாமா என்று தினமும் ஓடுகிற கணக்கு. கடைசியில் லீவு கிடைத்தும்விடும், அதுதான் வேடிக்கை. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் கிடைக்கும். கொடுத்த லீவுக்கு நன்றியும் இருக்காது, நியாயமாகப் பார்த்தால் இருக்கவும் வேண்டாம்.

இங்கே புதியவர்கள் செய்கிற தப்பு, பட்டியலில் பெரிதாகத் தெரிவதை முதலில் எடுப்பது. சம்பள உயர்வு உங்கள் கையில் இல்லை. கையெழுத்து உங்கள் கையில் இருக்கிறது. இன்றைக்கே முடிகிறதை இன்றைக்கே முடியுங்கள்.

2. சம்பளம், ஓவர்டைம், லீவு: இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்

கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களுக்குச் சட்டம். தொழிற்சாலையில் ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர், இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு பொருந்துகிற நிறுவனத்தில் இருந்தால், அதில் பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு இ.எஸ்.ஐ. எண் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரியில் தேடுகிற நிலைமை பலருக்கு.

இதை ஏன் முன்னால் வைக்கிறேன் என்றால், வர வேண்டிய காசு வராமல் நிற்கிறவரிடம் நீங்கள் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அது ஏமாற்று வேலையாகத்தான் கேட்கும்.

"சம்பளம் என் கையில் இல்லையே, முதலாளி கையில்தானே" என்பது சரியான கேள்வி. அப்படியென்றால் உங்கள் பணிவிடை மேல்பக்கம் போய்ப் பேசுவது. புலம்பலாகப் போகாதீர்கள், தாளோடு போங்கள்: இன்னாருக்கு இத்தனை மணி நேர ஓவர்டைம், இந்தத் தேதியிலிருந்து பாக்கி, மொத்தம் இவ்வளவு. "எல்லாரும் வருத்தப்படறாங்க சார்" என்று சொன்னால் முதலாளி "யாரு?" என்பார், அதோடு கதை கந்தலாகிவிடும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களைப் பற்றிப் பின்னால் பேசுகிற ஆளின் பில்லும் இதே வேகத்தில் போக வேண்டும். இயேசு சீஷர்களின் கால் கழுவின ராத்திரியில் யூதாஸ் இன்னும் பந்தியில்தான் இருந்தான், அவன் எழுந்து போனது அதற்குப் பிறகு.

3. அவர்கள் நிற்கிற இடத்தில் நின்று பாருங்கள்

ஒரு நாள் முழுக்க, காலையிலிருந்து மூடும்வரை, அந்த வேலையையே செய்யுங்கள். ரவுண்ட்ஸ் போவது கணக்கில் வராது.

ஜவுளிக்கடையையே எடுத்துக்கொள்வோம். எல்லா ஊழியருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஸ்டூலும் வாங்கிப் போட்டிருப்பார்கள். நீங்கள் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றால்தான் தெரியும், அந்த ஸ்டூல் மேலே பிரித்துக்காட்டி மடிக்காத சேலைகள் குவிந்து கிடக்கும், அதை வைக்க வேறு இடமே இருக்காது. உட்காரலாம் என்று நீங்கள் நூறு தடவை சொன்னாலும் யாரும் உட்காரப்போவதில்லை. தேவை ஒரு பலகை. பின்பக்கச் சுவரில் ஒரு தட்டு அடித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. உபதேசத்தால் தீராத விஷயங்களில் பாதி இந்த மாதிரி ஒரு பலகையில் தீரும். அதைக் கண்டுபிடிக்கத்தான் போய் நிற்கச் சொல்கிறேன்.

அப்புறம் மதியச் சாப்பாடு. உங்களுக்குத் தனி அறை, தனி டம்ளர் இருந்தால் அதை விட்டுவிட்டு அவர்களோடு உட்காருங்கள். யூதாவுக்கு அதிபதியாக இருந்த நெகேமியா 12 வருஷம் அதிபதிக்குரிய படியை வாங்காமல் இருந்தார் என்று 5ஆம் அதிகாரம் சொல்கிறது; உங்களை அவ்வளவு கேட்கவில்லை. நம்ம பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பிஷப் ஆன அசரியா 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் மிஷனரிகளைப் பார்த்துக் கேட்டதும் இதுதான்: கொடுத்ததெல்லாம் சரி, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று. கொடுக்கிற கை எப்போதும் மேலேயே இருந்தால் வாங்குகிறவர் பேச மாட்டார். சபையின் அசன விருந்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை ஆபீசில் தனி டம்ளர் வைத்திருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இந்தப் படியில் அடிக்கடி பார்க்கிற தப்பு போட்டோ. மேனேஜர் மூட்டை தூக்குகிறார், பெருக்குகிறார் என்று குரூப்பில் படம் வந்துவிடும். இயேசு கால் கழுவினது ஒரு மேல்வீட்டு அறையில், கூட்டம் இல்லாமல். இன்னொரு தப்பு, ஒரு நாள் செய்துபார்த்ததையே தினமும் தொடருவது. நீங்கள் தினமும் பெருக்கினால் பெருக்குகிற அக்காவுக்கு "என் வேலை சரியில்லையோ" என்று பயம் வரும், உங்கள் கையெழுத்துக்கு வேறு நாலு பேர் காத்துக்கிடப்பார்கள்.

4. ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள்

இதை முதல் படியாக வைக்காததற்குக் காரணம் உண்டு. முதல் வாரமே கூப்பிட்டு "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்றால் "ஒண்ணுமில்ல சார்" என்று பதில் வரும். மேலே சொன்ன மூன்றும் நடந்த பிறகுதான் உண்மை வரும்.

கேள்வி சின்னதாக இருக்கட்டும். "போன வாரம் எந்த வேலையை ரெண்டாவது தடவை செய்ய வேண்டியிருந்தது?" "எதுக்காக நின்னுக்கிட்டே இருந்தீங்க?" "நான் எதை நிறுத்தினா உங்களுக்கு நல்லாருக்கும்?" கடைசிக் கேள்விக்கு வருகிற பதில் கசக்கும். விளக்கம் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் அறைக்குக் கூப்பிடாதீர்கள். டீக்கடை பெஞ்சு, லோடு இறக்குகிற திண்ணை, எதுவானாலும் பரவாயில்லை. பெண் ஊழியர் என்றால் நாலு பேர் கண்ணில் படுகிற, ஆனால் பேச்சுக் கேட்காத இடம்.

ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும். முடியாது என்பதும் பதில்தான். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது, கேட்காமலே இருந்ததைவிடக் கெடுதல்.

5. பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள், குறை சொன்ன பக்கத்துக்கே கொடுங்கள்

ராத்திரி ஒன்பது மணி ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மோசே காலையிலிருந்து சாயங்காலம்வரை தானே வழக்குக் கேட்டுக்கொண்டிருந்தபோது, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று மாமனார் சொன்னார். இரண்டாவது பாதியைக் கவனியுங்கள்: வரிசையில் நிற்கிறவர்களும் தொய்ந்துபோகிறார்கள். எல்லாம் உங்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் காத்திருப்பு கூடத்தான் செய்யும்.

யாருக்குக் கொடுப்பது? அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படியுங்கள். கிரேக்கு மொழி பேசுகிற பக்கத்து விதவைகளுக்குப் பந்தியில் சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு. அப்போஸ்தலர் கோபப்படவில்லை, விசாரணைக் கமிஷனும் வைக்கவில்லை; ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்தாரிடமே சாப்பாட்டுப் பொறுப்பு போயிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

இப்போது நம்ம ஊர்ப் பழக்கத்தைப் பாருங்கள். ஸ்டோர் சாவி யார் கையில், பணம் யார் கையில், புது ஆள் யார் சிபாரிசில் வந்தார்? நம்ம சபை, நம்ம ஊர், சொல்லக் கூச்சப்பட்டாலும் நம்ம சாதி. நம்பிக்கையான ஆள் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, தெரிந்த ஆள் என்பதுதான். நோட்டில் ஒரு பக்கம் எடுத்து, இப்போது பொறுப்பில் இருக்கிறவர்களின் பெயரையும், அவர் உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்பதையும் எதிரெதிரே எழுதுங்கள். நான் மேலே ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, பக்கமே சொல்லும்.

லீவு ரோஸ்டரில் தொடங்குவது நல்லது. கிறிஸ்துமஸுக்கும் அசனத்துக்கும் நம்ம ஆட்களுக்கு லீவு வேண்டும். ஆனித் தேருக்கும் கொடைக்கும் மற்றவர்களுக்கு வேண்டும். மேலப்பாளையத்திலிருந்து வருகிற பாய்க்கு ரம்ஜானுக்கு வேண்டும். மூன்று தரப்பிலும் ஒவ்வொருவரை உட்காரவைத்து, வருஷ ஆரம்பத்திலேயே அவர்களையே போடச் சொல்லுங்கள். நீங்கள் கடைசியில் பார்த்துக் கையெழுத்து மட்டும் போடுங்கள். கிறிஸ்துமஸ் அன்று டூட்டி பார்க்க ஒரு கிறிஸ்தவர் வேண்டுமென்றால் அது நீங்களாக இருங்கள்.

கொடுத்த பிறகு நடுவில் பிடுங்காதீர்கள். முதல் ரோஸ்டர் கோணலாகத்தான் வரும். வரட்டும்.

6. "முடியாது" என்பதைச் சீக்கிரம் சொல்லுங்கள்

பணிவிடை என்றால் கேட்டதெல்லாம் கொடுப்பது என்று நினைக்கிறவர்கள் "பார்க்கலாம்" என்ற வார்த்தையில் வாழ்கிறார்கள். கேட்டவர் அதைச் "சரி" என்றே எடுத்துக்கொள்வார். உங்களுக்கு அன்றைக்குக் கஷ்டமான முகத்தைப் பார்க்காமல் தப்பினது லாபம், நஷ்டம் முழுக்க அவருக்கு. முடியாது, காரணம் இது, வேண்டுமானால் இதைச் செய்யலாம் என்று அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

7. தப்பு நடந்தால் முதலில் தனியாக, சில தப்புகளுக்கு அப்படியல்ல

மத்தேயு 18:15 முதலில் தனியாகப் பேசச் சொல்கிறது. "ஏலே, இங்க வா" என்று பத்துப் பேர் முன்னால் கூப்பிட்டுவிட்டு அப்புறம் அறைக்குள் அன்பாகப் பேசினால், வெளியே நடந்ததுதான் நிற்கும். பேச்சு இப்படிப் போகட்டும்:

"தம்பி, நேத்து அம்பாசமுத்திரம் பார்சல் மாறிப் போச்சு. என்ன நடந்துது?"

"லேபிள் ரெண்டும் ஒண்ணுபோல இருந்துது சார்."

"சரி. லேபிளை நான் மாத்தித் தாரேன். அனுப்பும் முன்னாடி பில்லோட ஒத்துப்பார்க்கிறது உங்க வேலை. இனிமே பார்த்துருங்க."

நடந்தது, உங்கள் பங்கு, அவர் பங்கு. குடும்பம், பழைய தப்பு, வசனம் எதுவும் வேண்டாம்.

ஆனால் திருட்டு, அடிதடி, பெண் ஊழியரிடம் அத்துமீறல், சாதிப் பேர் சொல்லித் திட்டுவது, இதையெல்லாம் "மன்னிச்சு விட்டுருவோம்" என்று தனியறையில் முடிக்கிற உரிமை உங்களுக்குக் கிடையாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் 2013ஆம் வருஷச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பாலியல் புகார் அங்கேதான் போக வேண்டும். பாதிக்கப்பட்டவர் சார்பில் நீங்கள் மன்னிக்க முடியாது. நல்ல விசுவாசிகள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

8. விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது

கேட்டால் சொல்லுங்கள். கேட்காதவரைக் கூப்பிடாதீர்கள். உங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கோ கன்வென்ஷனுக்கோ நீங்கள் கூப்பிட்டால், இன்கிரிமென்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர் கூப்பிடுகிறார் என்றுதான் அவருக்குக் கேட்கும், வர மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? ஆபீஸ் மீட்டிங்கை ஜெபத்தோடு தொடங்கும் வழக்கமும் எல்லாரும் ஒரே விசுவாசமாக இல்லாத இடத்தில் வேண்டாம். கிறிஸ்தவ நிறுவனத்தில் இருக்கிறவர்களுக்கு இது பொருந்தாது, ஆனால் அங்கே வேறொரு சிக்கல்: ஊழியம் என்று சொல்லியே சம்பளமில்லாமல் கூடுதல் நேரம் வாங்கிவிடுவார்கள். அவர்கள் 2ஆம் படியை இன்னொரு தடவை படிக்கலாம்.

9. ஒரு வாரம் லீவு போடுங்கள்

மூன்று நாலு மாதம் ஆனதும், நிஜமாகவே ஒரு வாரம் ஆபீஸ் பக்கம் போகாதீர்கள். குற்றாலத்தில் சீசன் என்றால் போய்க் குளித்துவிட்டு வாருங்கள். போனை அணைக்க வேண்டாம், ஆனால் நீங்களாக யாரையும் கூப்பிடாதீர்கள். வருகிற அழைப்புகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: யார், எதற்கு.

அந்த வாரம் உங்களைக் கேட்காமல் நகர முடியாமல் போனவை எவையோ, அவற்றையெல்லாம் நீங்கள் இன்னும் கையைவிட்டுக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். திரும்பி வந்ததும் அதற்கு மட்டும் 5ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஒரு அழைப்பும் வரவில்லை என்றால் சந்தோஷப்படும் முன் 4ஆம் படிக்குப் போய் ஒரு சுற்றுக் கேட்டுவிடுங்கள், வேலை நன்றாக நடந்ததா அல்லது உங்களைக் கூப்பிடப் பயந்தார்களா என்று.